எல்லைச் சுவரும் நஞ்சம்மாவின் குழாயும்

மேல்கூடத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். கௌரம்மா ஏணியில் பாதி ஏறி நின்று கூப்பிட்டாள்.

"கிட்டப்பண்ணா, அருவாளப் போட்டுட்டு வாங்க. நஞ்சக்கா குழாயண்டயே சாஞ்சிட்டாங்க."

அசந்து தூங்கியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கௌரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அருவாளைப் போட்டுவிட்டு ஏணியில் இறங்கினேன்.

எல்லைச் சுவரண்டை போனபோது ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். நஞ்சம்மா தன் சாக்கின் மேல் உட்கார்ந்தபடியே, பனிச் சுவரில் தலை சாய்த்திருந்தார். குழாயின் முனை மடியில் கிடந்தது. அதற்குள்ளிருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவர் மகள் சுமாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. "அம்மா? ஏம்மா, கோவமா? பேசு."

யாரும் குழாயைத் தொடவில்லை. நான்தான் எடுத்தேன். "சுமா, நான் கிட்டப்பன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கமிருந்து முதல் வார்த்தை பேசியது எப்போதும் அவள் அம்மாதான். அந்தப் பக்கமிருந்து அழுகை வந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கௌரம்மா எழுதுகிறாள். கருமத்தன்று இதை நாங்கள் இருக்கிற இந்த ஷெட்டில் படிப்போம். பிறகு குழாய் வழியாக அந்தப் பக்கத்துக்கும் படிப்போம். நஞ்சம்மாவோடு இருந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. பனிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அவர் குழாய்க்கார அம்மாதான். அவர்கள் முழுசாகத் தெரிந்துகொள்ளட்டும்.

பனிக்கு முன்னால் நஞ்சம்மா, ரெண்டு ஸ்டேட்டும் தொடுகிற ஜூஜூவாடி எல்லையில் டீக்கடை வைத்திருந்தார். வீட்டுக்காரர் மாரப்பா வடை போடுவார், நஞ்சம்மா டீ ஆற்றுவார். நான் பேரிகை கிராமத்திலிருந்து வண்டியில் பால் கொண்டுவந்து ஊற்றுவேன். லாரிக்காரர்கள் நடுவில் நஞ்சம்மா தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் சிரித்து முடிப்பார். என் கேனைத் திறந்ததும் தினமும் ஒரு கேள்வி உண்டு.

"கிட்டப்பண்ணா, நீ மாட்டைக் கறந்தியா, ஏரியைக் கறந்தியா?"

"ஏரித் தண்ணிதான் குடிக்குதுக்கா என் மாடு."

"அது குடிக்கட்டும். என் கடைக்கு வர்றவன் ஏன் குடிக்கணும்?"

கடையே சிரிக்கும். மறுநாள் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.

ஒரே மகள் சுமாவை எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் கொடுத்தார். நடந்தே போகிற தூரம். "வேற ஸ்டேட்டுல குடுத்துட்டியேக்கா" என்று ஒருத்தர் கேட்டதற்கு, "ஸ்டேட்டு என்னா ஸ்டேட்டு? நான் டம்ளர் கழுவுற சத்தம் என் பொண்ணுக்குக் கேக்கும்" என்றார். பெண் கண்ணெதிரே இருக்கவேண்டும் என்றே பார்த்துப் பார்த்துக் கொடுத்த இடம் அது.

அதற்கடுத்து வந்த ஐப்பசியில் பனி விழ ஆரம்பித்தது. தை போனால் நின்றுவிடும் என்றோம். இன்னும் நிற்கவில்லை. மத்திகிரி லைன் வீட்டுக்காரர்கள், எங்களைப் போல ஊர்ப்பக்கத்து ஆட்கள், கம்பெனி வேலைக்கு வந்த வெளி மாவட்டத்துக்காரர்கள் எல்லாரும் எல்லையோரத்துக் கம்பெனி ஷெட்டுக்குள் வந்து சேர்ந்தோம். அதன் இரும்புத் தூண்கள்தான் எங்களை இதுவரை தாங்குகின்றன. நான் என் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தேன். ரோஜா வளர்த்த கொட்டகைகளின் பிளாஸ்டிக் ஷீட்டைப் பிரித்து மேல்கூடம் போட்டோம். பனி ஏற ஏற அந்தக் கூடத்தையும் மேலே மேலே வெட்டிக் கட்டுகிறோம். பனி வழியே நீலமாக இறங்கும் வெளிச்சத்தில்தான் புல்லும் கேழ்வரகும் முளைக்கின்றன. வருஷத்துக்கு வருஷம் ஏணி நீளமாகிறது.

அத்திப்பள்ளியிலும் இப்படி ஒரு கூட்டம் பனிக்கடியில் பிழைத்துக் கிடந்தது. ரெண்டு பக்கத்தாரும் ஹைவே ரோட்டை ஒட்டியே சுரங்கம் வெட்டிக்கொண்டு வந்தோம். ஸ்டேட் எல்லையில் ரோட்டின் மேல் கட்டியிருந்த வளைவண்டை வந்ததும் எங்கள் ஆட்கள் கடப்பாரையைக் கீழே வைத்தார்கள். "இதுக்கு மேல அவங்க எடம். அவங்க வெட்டிக்கட்டும்." அந்தப் பக்கத்தாரும் அதையே சொல்லி நின்றுவிட்டார்கள். நடுவில் மிஞ்சியது கொஞ்சம் பனிதான். ஒரு பகலில் வெட்டித் தள்ளியிருக்கலாம்.

நஞ்சம்மா அன்று கத்திய கத்து எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "மேலே வானமே இல்ல, உங்களுக்கு எல்லை கேக்குதாடா? யாரு வந்து கேஸ் போடுவாங்க உங்க மேல?" எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாளைக்குப் பார்க்கலாம், கூட்டம் போட்டுப் பேசலாம் என்றார்கள். பேசிக்கொண்டே இருந்தோம். அதற்குள் மேலே இருந்த பாரம் இறங்கி அந்தப் பனி கல்லாக இறுகிவிட்டது. ரெண்டு பக்கத்துக் கூரையும் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. எடுக்காமல் விட்ட சுவரே தூணாகிப்போனது.

மாரப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போய்க் குடையத் தொடங்கினார். ஆள் நுழைகிற அளவுக்கு உள்ளே போயிருப்பார். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. போய்ப் பார்த்தபோது துளை இருந்த இடம் மூடிக் கிடந்தது. தோண்டி எடுக்கப் போனவர்களை நஞ்சம்மாவே தடுத்தார். "வேணாம். கூரை மொத்தமும் வந்துரும். அவரு ஒருத்தரு போதும்." அப்படிச் சொல்லிவிட்டுச் சுவரண்டை உட்கார்ந்தவர்தான். அதுவே அவர் இடமாயிற்று.

சுவரில் காதை ஒட்டிக் கத்தினால் அந்தப் பக்கம் லேசாகக் கேட்கும். அப்படித்தான் ஒருநாள் சேதி வந்தது. சுமா உண்டாகியிருக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். நஞ்சம்மா ஷெட்டின் ஒரு மூலையைக் கூட்டி, சாணம் போட்டு மெழுகி, சாக்கு கட்டி மறைத்து வைத்தார். மகளால் வரமுடியாது என்று அவருக்குத் தெரியும். "எடம் தயாரா இருக்குன்னு அவகிட்ட சொல்லணும் இல்லண்ணா" என்றார். மாசம் ஏற ஏற அவர் சாப்பிடுவது குறைந்தது. பிள்ளை பெற்றவளுக்கு இஞ்சியும் பூண்டும் வெல்லமும் போட்டுக் காய்ச்சிக் கொடுக்க அங்கே ஆள் இல்லை. அவள் மாமியார் காலமாகிவிட்டார். அங்கிருந்த மாடுகளும் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன.

ஒரு காலையில் என்னிடம் பால் வாங்க வந்த நஞ்சம்மா கேட்டார். "ஆளு போனாத்தானே கூரை விழும். பாலு போனா விழுமா?"

அதிலிருந்து வந்ததுதான் குழாய். போர்வெல் போடுகிற இரும்பு பைப்பை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, பனியில் செலுத்தி, ஆறியதும் உருவி, மறுபடி காய்ச்சிச் செலுத்தினோம். அங்கே சரிவாக இறங்கும்படி பார்த்துக்கொண்டோம். முதல் நாள் பைப்பைச் சுவரில் வைத்தபோது நஞ்சம்மா வந்து அதன் முனையைப் பிடித்து நகர்த்தினார்.

"இங்க வேணாம். அவரு இந்த எடத்துலதான் படுத்திருப்பாரு. கொஞ்சம் மேல விடுங்க."

மேலே விட்டோம். அந்தப் பக்கம் பைப் எட்டிய அன்று, அதற்குள் ரோஜாத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயை நுழைத்தோம். நஞ்சம்மா வாயை வைத்து "சுமா" என்றார். பக்கத்தில் நின்று பேசுவதுபோல "அம்மா" என்று வந்தது. உடனே அவர் எங்கள் பக்கம் திரும்பி, "சத்தம் போடாதீங்கப்பா, லைன் கெடச்சிருக்குது" என்றார். போன் டவர்கள் பனிக்குள் போன பிறகு எங்களில் பலபேர் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிரசவத்தின்போது நஞ்சம்மா குழாயை விட்டு எழவில்லை. "மூச்சை உடு, இப்பப் புடி" என்று இங்கிருந்தபடியே சொல்லிப் பெறவைத்தார். பெண் குழந்தை. அன்றே இஞ்சிக் கஷாயம் கொதிக்கக் கொதிக்கக் குழாயில் இறங்கியது. அதன்பிறகு தினமும் காலையில் பால். நான் கறந்து கொடுப்பேன். அவர் கொதிக்கவைப்பார். வழியில் உறைந்துவிடக் கூடாது என்று முதலில் வெந்நீர் விட்டுக் குழாயைச் சூடாக்குவார். பிறகு பாலை ஊற்றி, காதை வைத்துக் கேட்பார்.

"போச்சா? சூடா இருக்குதா?"

"வாயி வெந்துபோச்சு, அம்மா."

"ஊதிக் குடி, கழுதை."

இந்தப் பேச்சு ஒருநாளும் மாறியதில்லை. தன் பங்குப் பாலையும் அவர் அதிலேயே ஊற்றிவிடுவார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கௌரம்மா ஒருதடவை கேட்டுவிட்டாள். "நீயும் ஒரு வாய் குடியேன்க்கா." அதற்கு அவர், "நான் டீக்கடைக்காரி. பாலை நான் குடிச்சா யாவாரம் என்னாவறது?" என்றார்.

சுவரை உடைக்கலாமா என்று பின்னால் எத்தனையோ பேர் அவரிடம் கேட்டதுண்டு. கடப்பாரையோடு வந்து நின்ற பையன்களும் உண்டு. அவர் சாக்கை விட்டு எழமாட்டார். "இது நின்னாத்தான் அவ தலைமேல கூரை நிக்கும்" என்பார். மகளுக்கும் தனக்கும் நடுவே நின்ற அந்தச் சுவரை மகளுக்காகவே காவல் காத்தார்.

இனி அவர் போன அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நஞ்சம்மாவைப் படுக்கவைத்தோம். பெற்ற பிள்ளை, போனவரின் வாயில் பால் விட்ட பிறகுதான் உடலை எடுப்பது எங்கள் வழக்கம். "கிட்டப்பண்ணாவே ஊத்தட்டும், பாலும் அவருதே" என்று ஒருத்தர் சொன்னார். அது குழாயில் கேட்டிருக்கிறது.

"மாமா, நான்தான் ஊத்துவேன்" என்றாள் சுமா.

"உன்கிட்ட ஏதும்மா பாலு?"

"காலைல அம்மா ஊத்துனது. பாப்பாவுக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சேன்."

பிறகு யாரோ, "குழாய் நம்ம பக்கம் மேடு. எப்படி ஏறும்?" என்றார்கள். சுமா, "ஊதறேன்" என்றாள்.

பாலைக் காய்ச்சி, தன் முனையில் விட்டு, வாயை வைத்து ஊதினாள். முதல் தடவை எதுவும் வரவில்லை. குழாய் காலையோடு ஆறிப்போயிருந்தது. அது எங்கள் பக்கத்தில் தெரிகிற இடமெல்லாம் கௌரம்மா வெந்நீர்த் துணி சுற்றினாள். ரெண்டாவது தடவையும் களகளவென்ற சத்தம்தான், திரும்ப வழிந்துவிட்டது. "இருக்கறதே கொஞ்சம்தான், மாமா" என்றாள். அவளுக்கு மூச்சு இளைப்பது கேட்டது. "பதட்டப்படாத. மூச்சை இழுத்துப் புடிச்சி, ஒரே மூச்சா உடு" என்றேன். பிரசவத்தில் அவள் அம்மா சொன்னதுபோலவே சொன்னேன் என்று பிறகு கௌரம்மா சொன்னாள்.

குழாய் முனையை நஞ்சம்மாவின் உதட்டண்டை பிடித்திருந்தேன். முதலில் காற்று வந்தது. வெதுவெதுப்பான மூச்சு, அடுப்புப் புகை வாசனையோடு என் விரலில் பட்டது. பிறகு பால் வந்தது. பாதி உறைந்து, சில சொட்டுகள். உதட்டில் விழுந்து உள்ளே இறங்கின.

"மாமா, போச்சா?"

"போச்சும்மா."

"சூடா இருந்துச்சா?"

"வெதுவெதுன்னு இருந்துச்சு."

அந்தப் பக்கம் சுமா குழாயைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

மாரப்பா இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், சுவரின் அடியிலேயே நஞ்சம்மாவை வைத்து மூடினோம். பனி இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பாரம் தாங்காமல் குழாய் உள்ளே எங்கோ நசுங்குகிறது, பால் முன்னைவிட மெதுவாகத்தான் இறங்குகிறது. அது என்றைக்கு நின்றுபோகும் என்று எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் காலையில் நான் கறந்து, நானே காய்ச்சி, அந்தச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து ஊற்றுகிறேன். சாக்கின் நடுவில் உட்கார மனசு வரவில்லை.

நஞ்சக்கா, நிம்மதியாகப் படுத்திருங்கள். உங்கள் பெண்ணுக்குப் போகிற பாலில் ஏரியைக் கலக்கமாட்டேன்.