வெறுங்கை பிளேன்டீ

இரண்டு கண்ணிலும் புரை விழுந்தபோது எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன் நான். தேயிலைச் செடியில் எந்தக் கிளையை வெட்டலாம், எதை விடலாம் என்று ஒரே பார்வையில் சொல்லுவேன். அப்படிப்பட்டவனுக்கு எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நிற்பது யாரென்று தெரியவில்லை. ஒபரேஷன் செய்தால் சரியாகிவிடும், ஆனால் இரத்தத்தில் சீனி இறங்காமல் கண்ணில் கை வைக்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். என் ஒரே மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அவள் லீவில் வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து பத்தியம். அளந்து வைத்த சோறு, குரக்கன் ரொட்டி, பாகற்காய். சீனிப் போத்தலை மனைவி எங்கேயோ ஒளித்துவிட்டாள். மகளுக்கு இதெல்லாம் தெரியாது. அங்கே அவள் படுகிற பாடு போதாதா என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து, ஊருக்கு வந்த ஒருத்தியிடம் அவள் ஒரு பெரிய டப்பா சொக்லேட் கொடுத்தனுப்பினாள். பிள்ளை அனுப்பியதைத் தொடாமல் வைக்க மனசு வருமா? கிளினிக்கில் மருந்து கொடுக்கிற நர்ஸ் மிஸியிடமே கேட்டேன்.

"சாப்பிடலாம் ஐயா. பகல் சோறு சாப்பிட்ட பெறகு ஒரு சின்னத் துண்டு. கடிக்காம வாயில கரைய விடுங்க" என்றாள்.

அப்படியே செய்தேன், சத்தியமாக. ஆனால் டீ ஒன்று இருக்கிறதே! எங்கள் ஆட்கள் பால் இல்லாத பிளேன்டீயில் சீனி போட்டுக் கலக்குவது குறைவு. உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, ஒரு நக்கு, ஒரு மடக்கு. கை வெறுமையாக இருந்தால் டீ தொண்டைக்குக் கீழே இறங்காது. சீனி இல்லாத கையில் நான் சொக்லேட்டை வைத்துக்கொண்டேன். விடிந்ததும் ஒரு டீ. குளிருக்கு ஒன்று. மழை பெய்தால் ஒன்று, எங்கள் பக்கம் மழைக்கா பஞ்சம்? வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தவனுக்கு டீயை விட்டால் வேறென்ன இருக்கிறது? சோற்றுக்குப் பிறகு தின்றது மட்டும்தான் எனக்குச் சொக்லேட். மற்றதெல்லாம் டீயோடு சேர்த்தி.

அடுத்த கிளினிக்கில் சீனி முன்பை விட ஏறியிருந்தது. பத்தியம் இருந்தேனே என்று சண்டை பிடித்தேன். மிஸியும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். "டீக்கு என்னத்தக் கடிக்கிறீங்க, ஐயா?" என்று மெதுவாகக் கேட்டாள். டீயோடு கடித்த துண்டுகளை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். ஒபரேஷன் தள்ளிப்போனது. பஸ்ஸில் வரும்போது தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்கென்ன.

டப்பாவை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். பகல் சோற்றுக்குப் பிறகு அவளாகப் பார்த்து ஒரு துண்டு தருவாள். கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் போட்டு வைத்திருப்பேன். முதலில் லேசாகக் கசக்கும், அப்புறம்தான் இனிப்பு. இத்தனை நாள் டீயில் அடித்துக்கொண்டு போனதில் இந்த ருசி எனக்குத் தெரியவே இல்லை. ஆனால் வெறுங்கையோடு குடிக்கிற டீ இருக்கிறதே, அது நரகம். கோப்பையைத் தூக்கினால் இடது கை தானாக விரிந்துகொள்கிறது. அழுகை வருகிறது. கண் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அதையும் குடித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள். போனில் எனக்குத் தெரிவது வெளிச்சம் மட்டும்தான். குரல் வரும் பக்கம் பார்த்துப் பேசுவேன்.

"சொக்லேட் எப்பிடிப்பா?"

"ஆறுதலா ஒவ்வொரு துண்டா சாப்புடுறேன் தாயி."

"என்னப்பா, இப்பிடி மெலிஞ்சு போயிட்டீங்க?"

"டயட்டு தாயி! ஒன் கல்யாணத்துக்குக் கோட் போட வேணாமா?"

வெளிச்சத்துக்கு நடுவில் ஏதோ வெள்ளையாக அசைந்தது. பல் தெரியச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இப்பிடியே சிரிச்ச மொகமா இரு தாயி. அப்பாவுக்கு அது போதும்."

பின்னால் நின்ற மனைவி என் தோளைப் பிடித்தாள்.

"சிரிக்கலீங்க. வெள்ள லேஞ்சித் துணியால மொகத்தப் பொத்திக்கிட்டு அழுவுது புள்ள."

போனிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா, ஒங்களுக்கு என் மொகம் தெரியலையாப்பா?"