ஆறாம் வகுப்புக்கு வராத டீச்சர்

இலஞ்சியில் எங்கள் தெருக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். பெண் டீச்சர் இருந்தால்தான் ஆறாம் வகுப்புக்குப் பெண்பிள்ளைகளை அனுப்புவார்கள். நாகர்கோவிலிலிருந்து ஒருவர் வந்தார். தனியாக வந்த பெண்ணுக்கு யாரும் வீடு கொடுக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

என் அக்கா தென்காசியில் மாமா வீட்டில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். தலைமை ஆசிரியர் அப்பாவைத் தேடி வந்தார்.

“மூத்தவளைப் பாளையங்கோட்டைக்கு ரெண்டு வருசம் டீச்சர் டிரெய்னிங் அனுப்புங்க அண்ணாச்சி. முடிச்சு வந்தா இங்கயே வேலை.”

“மகளை ஹாஸ்டல்ல விட்டுட்டு நான் தெருவுல நடக்கவா? உம்ம மகளை அனுப்பும்.”

“எனக்கு நாலும் பயலுவ. அதான் உங்க வாசல்ல வந்து நிக்கேன்.”

“பொம்பளை டீச்சர் வரட்டும். எங்க சின்னவளை மொத ஆளா அனுப்புதேன்.”

“எங்கேயிருந்து வருவா? பெத்தவங்க எல்லாரும் இதையேதான சொல்லுதாங்க!”

உள்ளே அக்கா அரிசி புடைக்கும் சத்தம் நின்றிருந்தது. அவர் போன பிறகு மறுபடி கேட்டது.

பிள்ளைகள் எண்ணிக்கை போதவில்லை என்று அந்த ஆண்டே ஆறாம் வகுப்பை மூடினார்கள். என் தங்கையோடு சேர்த்து ஒன்பது பெண்பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தார்கள். அப்பா தென்னந்தோப்பை விற்று, அக்காவைப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார். அந்தத் தோப்பில் ஒரு தடவை வெட்டும் தேங்காயின் விலையில் டிரெய்னிங் முடிந்திருக்கும். எத்தனை தடவை கூட்டிப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் வருகிறது. தங்கை கல்யாணத்துக்கு வயலும் போனது.

சில வருஷங்களில் அக்காவின் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்தார். கடையைக் கொழுந்தன்மார் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பிள்ளைகளோடு அக்கா எங்கள் வீட்டுக்கே வந்தாள். ஒருநாள் காலையில் அப்பா, “ஏட்டி, சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பு” என்றார். நானும் கூடப் போனேன்.

தலைமை ஆசிரியர் எழுந்து நாற்காலி போட்டார்.

“இப்ப டிரெய்னிங்குக்கு அனுப்புதேன் சார். வந்ததும் வேலை போட்டுக் கொடுங்க.”

“எந்த வகுப்புக்கு அண்ணாச்சி? ஆறாம் வகுப்பைத்தான் மூடியாச்சே.”

“வேற ஊர்லயாவது…”

“கிடைக்கும். ஆனா ரெண்டு வருசம் அவ அங்க படிக்கணுமே. அதுவரைக்கும் இந்தப் பிள்ளைங்களுக்குச் சோறு?”

அப்பா எழுந்தார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. கையிலிருந்த குடையை விரிக்காமலே நடந்தார்.

“நனையுதீங்கப்பா, குடையைப் பிடிங்க” என்றாள் அக்கா.

மறுநாள் அவள் தென்காசி மண்டிக்குப் புளியில் கொட்டை எடுக்கும் கூலிக்குப் போனாள்.