என் பேரில் ஒரு பம்ப்

பள்ளிக்கூடத்தில் கேமரா வைத்த வருஷத்திலிருந்துதான் எனக்கு இந்த ஆற்றாமை. வாசலில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்றார்கள். நல்லதுதான். யார் உள்ளே வந்தாலும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர் அட்டையைக் காட்ட வேண்டும். அதுவும் நல்லதுதான். ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டினால் யார் என்ன செய்வது என்று மட்டும் எந்த நோட்டிலும் எழுதியிருக்கவில்லை.

தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் ஆயா. பிள்ளைகள் இந்த ஊர் வழக்கப்படி மவுசி, அதாவது சித்தி, என்று கூப்பிடும். பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, விழுந்து வருகிற பிள்ளைக்கு முழங்காலைக் கழுவி மருந்து போடுவது, இதெல்லாம் என் வேலை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. டீச்சர்மார் அறைக்கு டீ கொண்டுபோனால்கூட மேசையைப் பார்த்துக்கொண்டே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

எங்கள் சந்தில் இருக்கிறவர்கள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்தில் நாலைந்து ஊர்க்காரர்கள். இங்கே காலையில் ஒருவர் தும்மினால் சாயங்காலத்துக்குள் போனில் ஊருக்குத் தெரிந்துவிடும். அந்தச் சந்தில்தான் நான் சொல்ல வந்த இந்தப் பிள்ளையின் வீடும். கீழே தோல் பை தைக்கிற பட்டறை, மேலே குடித்தனம். பசை வாடை ஏணி வழியாக ஏறி நேராக வீட்டுக்குள் போகும். பிள்ளைக்கு இளைப்பு, அதான் ஆஸ்துமா. மழைக்காலம் வந்தால் அது மூச்சு விடுகிற சத்தம் எதிர்வீட்டில் இருக்கும் எனக்குக் கேட்கும்.

இரண்டாம் வகுப்பு தொடங்கும்போது நிரப்பித் தரச் சொல்லித் தமிழில் ஒரு பாரம் கொடுத்தார்கள். பிள்ளையின் தாய் பம்பாயிலேயே பிறந்து இந்தியில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. பாரத்தை என்னிடம் கொண்டுவந்தாள். பேர், அப்பா பேர், விலாசம் எல்லாம் எழுதினேன். பிள்ளைக்கு ஏதாவது நோய் உண்டா என்ற இடம் வந்தது.

"இல்லன்னு எழுதிருங்கக்கா."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பொட்டப்பிள்ளை, ஒரு தாளில் எழுதிவிட்டால் பிறகு அழியாது என்று அவள் மாமியார் சொல்லியிருக்கிறாளாம். இல்லை என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதையும் அழகாகத்தான் எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து அதே தாய் ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே இளைப்புக்கு வாயில் வைத்து அடிக்கிற நீல நிறப் பம்ப் ஒன்று, அதை மாட்டுகிற பிளாஸ்டிக் குப்பி. பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தது. வீட்டில் மாமியார் அதை எடுக்க விடுவதில்லை. பம்ப் அடித்துப் பழகினால் ஆயுசுக்கும் விடாதாம், கடைசிக் கட்டத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் அதாம். தூதுவளையும் மிளகுமே போதும் என்பது அவள் கட்சி. தாய் ஒன்றை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். இன்னொன்று எனக்கு.

"பள்ளிக்கூடத்துல ஏதும் ஆச்சுன்னா நீங்கதாங்கக்கா. ஒங்கள நம்பித்தான் குடுக்கேன். எங்க அத்தைக்குத் தெரிஞ்சா என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாவ."

மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் நான் இந்த வயதில் இப்படி இருப்பேனா? வாங்கிக்கொண்டேன். எப்படிக் குலுக்க வேண்டும், எப்படி வாயில் வைக்க வேண்டும் என்று அவள் காட்டினாள். என் வயர் பையில் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் அது தினமும் என்னோடு பள்ளிக்கூடம் வந்து போனது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு யாரும் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது எனக்குத் தெரியும். மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து அடித்துவிடுவேன். பிள்ளை பாட்டுக்கு வகுப்புக்குப் போய்விடும். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

கேமரா வந்ததும் தொட்டிப்பக்கம் போக முடியாமல் போயிற்று. அதோடு இன்னொரு சட்டமும் வந்தது. வேலை செய்கிறவர்களின் பை, போன் எல்லாம் ஆபீஸ் அறை கபாட்டில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவி ஹெட்மிஸ்திரஸிடம் இருக்கும். அன்றைக்கே அவரிடம் போய் என் பையில் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு நாள் காலை, பிரேயர் முடிந்து பிள்ளைகள் மாடி ஏறும்போது இந்தப் பிள்ளை படியிலேயே உட்கார்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டடத்தில் சுவர் இடிக்கிறார்கள், ஒரே தூசி. பிள்ளையின் தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்குகின்றன. கழுத்துக் குழி உள்ளே போகிறது. மூன்று டீச்சர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவர் விசிறினார், ஒருவர் வெந்நீர் கேட்டார், ஒருவர் நெஞ்சில் தைலம் தேய்த்தார். பாரத்தைப் பார்த்தார்கள். நோய் இல்லை என்று என் கையெழுத்தில் இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டார்கள். பாரத்தில் இருந்தது அப்பாவின் நம்பர். பெண்பிள்ளை நம்பரை வெளியில் கொடுக்கிற வழக்கம் எங்கள் சந்தில் கிடையாது. அப்பா பட்டறை மிஷின் சத்தத்தில் இருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தாயோ மூன்று சந்து தள்ளி மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஹெட்மிஸ்திரஸ் வார்டு ஆபீஸ் மீட்டிங்குக்குப் போயிருந்தார், சாவியோடு.

"டீச்சர், என் பை" என்றேன்.

"இப்பவா மவுசி வீட்டுக்குப் போறீங்க?" என்றார் ஒரு டீச்சர்.

அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பிள்ளை மூச்சுக்கு அலைகிறது, நான் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்கிறேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பிள்ளையின் உதடு நிறம் மாறியதைப் பார்த்துத்தான் கீழே ஓடினேன். வாட்ச்மேன் ஒரே ஆள். ஒரே ஆளிடம் எனக்குப் பேச வரும். ஆபீஸ் அறை கபாட் பூட்டை உடையுங்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் மராட்டிக்காரர், பயந்த மனுஷன். அண்ணாந்து கேமராவைக் காட்டினார்.

"மவுசி, உஸ்மே சப் திக்தா ஹை." அதில் எல்லாம் தெரியுமே என்கிறார்.

"திக்னே தோ" என்றேன். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

அந்த இரண்டு வார்த்தையை அவ்வளவு சத்தமாக நான் எப்படிச் சொன்னேனோ. கேட்டுக்குப் போடுகிற இரும்புக் கம்பியை எடுத்துவந்து ஒரே நெம்பில் உடைத்தார். பையோடு பிள்ளையிடம் ஓடினேன். நான் குப்பியை மாட்டியதும் பிள்ளையே கையை நீட்டி வாங்கி வாயில் வைத்துக்கொண்டது. ஒன்று அடித்தேன். மூச்சு இழுத்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மெல்ல மெல்லத் தோள் இறங்கியது. பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பம்ப் சமயத்துக்குக் கிடைத்ததால் பிள்ளை பிழைத்தது, இனிமேல் எப்போதும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

மறுநாள் ஆபீஸ் அறையில் பஞ்சாயத்து. ஹெட்மிஸ்திரஸ், பிள்ளையின் அப்பா, அப்பாவைப் பெற்றவள், தாய். நான் கதவோரம். முதலில் ஹெட்மிஸ்திரஸ் என்னைக் கேட்டார், உங்களுக்கு ரூல் தெரியாதா, யார் கொடுத்த மருந்து இது என்று. நான் தாயைப் பார்த்தேன். அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். அக்காதான் எங்கயோ வாங்கி வச்சிருக்காவ போல."

என் காது சூடாகிவிட்டது. ஆனாலும் நான் வாயைத் திறந்தால் அவளுக்கு அந்த வீட்டில் சோறு இறங்காது.

மாமியார்க்காரி, எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இளைப்பே கிடையாது என்றாள். இரண்டு மாடி ஏறி வந்ததில் அவளுக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. விட்டு விட்டுத்தான் சொல்லி முடித்தாள்.

ஹெட்மிஸ்திரஸ் படித்த தமிழர்கள் இருக்கிற மாட்டுங்காவில் இருந்து வருகிறவர், சத்தம் போட மாட்டார். பம்ப் பள்ளிக்கூடத்திலேயே இருக்கலாம், தனக்கு ஆட்சேபம் இல்லை, டாக்டர் லெட்டரும் பெற்றவர் கையெழுத்தும் வேண்டும், பாரத்தையும் மாற்றி எழுத வேண்டும் என்றார். தாள் இல்லாமல் எதையும் தொட மாட்டாராம். நாளைக்கு ஒன்று என்றால் மேலே இருக்கிறவர்கள் அவரைத்தானே கேட்பார்கள்.

அப்பா முன்தினம் பிள்ளையை ஆஸ்பத்திரியில் பார்த்தவர். பம்ப் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"மருந்து தாராளமா குடுங்க டீச்சர். எழுத்துல மட்டும் வேண்டாம். நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வருவான்."

அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்து இன்னும் முளைக்கவில்லை.

இவர் எழுத மாட்டார், அவர் எழுதாமல் வைக்க மாட்டார். இதையே மாற்றி மாற்றி அரைமணி நேரம் பேசினார்கள். தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அதே தூசி பறந்துகொண்டிருந்தது. இன்றைக்கே மறுபடி மூச்சு முட்டினால் என்ன செய்வார்கள்?

"எம் பேர்ல எழுதுங்க" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இளைப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள், பம்ப் என்னுடையதாக இருக்கட்டும் என்றேன். ஆயாவின் சொந்த மருந்தைப் பள்ளிக்கூடத்தில் வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது அதற்குப் பிறகுதான். சரியா தப்பா என்று யாராவது ஒருவர் யோசிப்பார் என்று நினைத்தேன். அறையில் இருந்த அத்தனை பேர் முகமும் ஒரே சமயத்தில் தெளிந்துவிட்டது. ஹெட்மிஸ்திரஸ் டிராயரைத் திறந்து ஒரு லேபிள் எடுத்தார். அப்பா எழுந்து கும்பிட்டு, பெரிய மனசுக்கா ஒங்களுக்கு என்றார். மாமியார் என்னை இரக்கத்தோடு பார்த்தாள், எனக்கு நிஜமாகவே வியாதி வந்துவிட்டது போல.

அன்றிலிருந்து முதலுதவிப் பெட்டியில் என் பேர் ஒட்டிய பம்ப் இருக்கிறது. பூட்டுக் கிடையாது, அது ஒன்று உருப்படியாக நடந்தது. மற்றதெல்லாம் வேடிக்கை. விவரம் தெரியாத புது டீச்சர் ஒருவர், பெருக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள் மவுசி என்கிறார். சந்தில் ஒருத்தி எனக்கு ஆடாதொடை இலை கொண்டுவந்து தருகிறாள். தாய் இப்போதும் சாயங்காலம் வந்து வாசலில் உட்காருவாள். மன்னிப்புக் கேட்க வருகிறாள் என்று தெரியும், கேட்க மாட்டாள். நானும் கேட்க வைக்க மாட்டேன்.

ஆனால் நான் ஒரு நாள் லீவு எடுக்க முடிவதில்லை. உல்லாஸ்நகரில் என் தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூட பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் ரயிலேறினேன். நான் இல்லாத நாளில் என் பம்ப்பை எடுத்து அந்தப் பிள்ளைக்கு அடிக்க யாருக்குத் தோன்றும்? வகுப்பு டீச்சரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெரியும் மவுசி, தெரிஞ்ச மாதிரி காட்டிக்க முடியாது" என்றார். நல்ல டீச்சர்தான். என்ன செய்ய?

இந்த மழையில் ஒரு நாள் மத்தியானம், நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை வந்து பக்கத்தில் நின்றது. மூச்சில் விசில் சத்தம் லேசாகக் கேட்டது.

"மவுசி, ஒங்க பம்ப்பக் கொஞ்சம் தருவீங்களா? அடிச்சிட்டுத் தந்திருதேன்."

ரப்பர் இரவல் கேட்பது போலக் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். அடித்து, பத்து எண்ணும் வரை பொறுத்து, மறுபடி அடித்து, குப்பியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்து என்னிடம் நீட்டியது.

"ஏட்டி, இது ஒன்னோடதுதான். எனக்கு அந்தச் சீக்கே கெடையாது" என்றேன்.

பிள்ளையோ, யாராவது கேட்டுவிட்டார்களா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது.