மேனுவல் மோடில் மாட்டிக்கொண்டவள்

மற்ற வேலைகளில் தப்பு நடந்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். கல்யாண போட்டோ எடுக்கிற வேலையில் மாப்பிள்ளையை மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது.

மலையாள நாட்டில், கழக்கூட்டம் என்கிற ஊரில், ஐ.டி. கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு, டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு ஷீபாவின் கல்யாண போட்டோ குழுவில் சேர்ந்தேன். ஷீபா என்னைவிடச் சின்னவள், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாள். அவளுக்கு ஒரே கண்டிஷன்தான். ஆட்டோ மோடு கூடாது. ஷட்டர் வேகம், லென்ஸின் துளை, வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு ஏற்றிக் காட்ட வேண்டும் என்கிற ஐ.எஸ்.ஓ. மூன்றையும் நாமே வைக்க வேண்டும். முதல் கேமராவை மேனுவலில் வைத்து முழித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் தனி ஆள் இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

கெட்டிமேளம்

கோட்டைப் பக்கத்து மண்டபம் ஒன்றில் நாகர்கோவில்காரர்கள் வீட்டுக் கல்யாணம். வாசலில் கொளுத்துகிற வெயிலில் மாப்பிள்ளை அழைப்பை எடுத்தேன். அந்த வெயிலுக்குத் தகுந்தபடி, வெளிச்சம் குறைவாக உள்ளே வரட்டும் என்று ஷட்டரை வேகமாக வைத்திருந்தேன். உள்ளே ஓடி வந்து மேடையோரம் நிற்கவும் கெட்டிமேளம் முழங்கவும் சரியாக இருந்தது. அடுத்தடுத்து அமுக்கினேன். திரையைப் பார்த்தால் கரி பூசினாற்போல் இருட்டு.

லென்ஸ் மூடியைக் கழற்றவில்லையோ என்று தடவிப் பார்த்தேன். கழற்றித்தான் இருந்தது. வெளியே வைத்த ஷட்டரோடு உள்ளே வந்துவிட்டேன் என்று புரிவதற்குள் இரண்டு முடிச்சு விழுந்துவிட்டது. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி எடுத்ததில் கிடைத்தது, மூன்றாவது முடிச்சுப் போட்ட நாத்தனாரின் விரல்கள் மட்டும். நல்லவேளை, எதிர்ப்பக்கம் நின்ற ஷீபா எல்லாவற்றையும் எடுத்திருந்தாள். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் கல்யாணப் பெண் என் கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்: "அக்கா, எனக்குத் தாலி கட்டினப்போ கரண்ட் போயிருந்துதா?"

கடைசி டிரிப்

அதற்குப் பிறகு இருட்டு என்றாலே எனக்குப் பயம். தம்பானூர் பஸ் நிலையத்தில், மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள். கடைசி டிரிப் முடிந்து அவர் பஸ்ஸை உள்ளே கொண்டுவருவதை எடுக்கச் சொல்லி மகள் கூப்பிட்டிருந்தாள். கூரைக்கடியில் வெளிச்சம் போதவில்லை என்று ஷட்டர் வேகத்தைக் குறைத்து வைத்தேன். ஷட்டர் மெதுவானால் அசைகிற எதுவும் படத்தில் இழுபட்டுப் போகும் என்பது மறந்துவிட்டது. முன்கண்ணாடிக்குக் கீழே மாலையோடு பஸ் திரும்பியது. வெளிச்சம் அருமையாக விழுந்தது. பஸ்தான் விழவில்லை. சிவப்புச் சாயத்தை இழுத்து விட்டாற்போல் ஒரு கோடு, அதற்குள் எங்கேயோ அவர் முகம்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் அடுத்த பஸ் ஹாரன் அடிக்கிறது. திரும்ப ஒருமுறை வரச் சொல்லவும் வழியில்லை. அவர் இறங்கி வந்து திரையைப் பார்த்தார். "சர்வீஸ் முழுக்க நம்ம வண்டி ஊர்ந்து போகுதுன்னுதான் பாசஞ்சர் எல்லாம் ஏசினாவ. இந்தப் படத்துலயாவது பறந்துட்டுப் போகட்டு, மக்கா."

அண்ணனும் தம்பியும்

ஒரு திருநெல்வேலி வியாபாரக் குடும்பத்தின் புது ஃபிளாட் பால்காய்ச்சு. வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிறது. அம்மா கெஞ்சிக் கேட்டதால் தம்பி வந்திருந்தார். போட்டோவுக்கு நிற்கவும் சம்மதித்தார், அண்ணனுக்கு இரண்டடி பின்னால், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. நான் வெளிச்சத்துக்காக லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன். அப்படி வைத்தால் முன்னால் நிற்பவர் தெளிவாக விழுவார், பின்னால் இருப்பவர் கலங்கிப் போவார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

தம்பி வந்து திரையை எட்டிப் பார்த்தார். "என்னை மட்டும் ஏன் மங்கலாக்கினிய? அவுக சொன்னாகளா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைத் தேடப் போனார்.  அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "சார், தப்பு என்னுடையது. நீங்க ரெண்டு பேரும் ஒரே வரிசையில தோளோடு தோள் நின்னா ரெண்டு பேரும் தெளிவா வருவீங்க" என்றேன்.  தம்பி அதற்குள் ஒரு செருப்பை மாட்டிவிட்டார். கடைசியில் அண்ணன்தான் வாசலைப் பார்த்துச் சொன்னார்: "ஏலே, வந்து நில்லு. அந்தப் பிள்ளைக்குக் காமிரா தெரியல, நாமதான் பாவம் பாக்கணும்."

நீல வள்ளம்

கல்யாணத்துக்கு முந்தைய படங்களுக்காக ஒரு ஜோடியோடு விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போயிருந்தோம். சாயங்காலம் திடீரென்று காற்று மாறிக் கடல் பொங்க ஆரம்பித்தது. மீன்பிடி வள்ளங்கள் அவசரமாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. கூட்டத்திலிருந்து ஸ்டெல்லா என்கிற அம்மா என் பெரிய லென்ஸைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். புருஷனும் மைத்துனனும் கடலில், போன் போகவில்லை. "தூரத்துல ரெண்டு வள்ளம் வருது மோளே. நம்மளது நீலம், மூக்குல மஞ்சப் பட்டை. நோக்கிச் சொல்லு."

லென்ஸை நீட்டி எடுத்தேன். அஸ்தமன வெயில் எதிரில் இருந்ததால் இரண்டும் கறுப்பாகத்தான் விழுந்தன. ஷட்டரைக் குறைத்தேன், அலையில் எல்லாம் கலங்கிப்போனது. பக்கத்தில் அவர் ஜெபமாலையை உருட்டுவது கேட்டது. ஷட்டரைப் பழையபடி ஏற்றிவிட்டு ஐ.எஸ்.ஓ.வைத் திருகினேன். படத்தில் வானம் வெளுத்தது, சூரியனையே காணோம், வள்ளத்தில் மட்டும் நிறம் வந்தது. முதல் வள்ளம் பச்சை. ஸ்டெல்லா என் தோளைப் பிடித்த பிடியில் வலித்தது. அடுத்ததை எடுத்துத் திரையில் பெரிதாக்கினேன். நீலம். மஞ்சள் பட்டை. பட்டைக்குப் பின்னால் இரண்டு தலைகள்.

அவர் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஷீபா வந்து எட்டிப் பார்த்து, "முழுக்க வெளுத்துப் போயல்லோ" என்று முணுமுணுத்தாள். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "வெளுத்துப் போச்சுன்னு இதை அழிச்சுராத மோளே. எனக்கு இது போதும்."

மேனுவல் மோடு பழகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கை நடுங்குவது நிற்கவில்லை, நடுங்குகிற கைக்கு எந்த ஷட்டர் வேகம் வைக்க வேண்டும் என்பதுதான் தெரிந்திருக்கிறது.