பதினோரு அடிச் சாய்தளம்

1. கண்காட்சிக்கு முந்தைய நாள்

கண்காட்சிக்காகப் பள்ளி இரவல் வாங்கியிருந்த சக்கர நாற்காலி காலியாகத்தான் இருந்தது. சாய்தளத்தின் மேல் விளிம்பில் அதை நிறுத்திக் கையை எடுத்தேன். நின்ற இடத்திலிருந்து நகர இரண்டு நொடிகூட ஆகவில்லை. நான் பிடிப்பதற்குள் கீழே இறங்கி, முன்சக்கரம் திரும்பி, இரும்பு கேட்டில் மோதிச் சாய்ந்தது. மாலை நேரம், பள்ளி விட்டாகிவிட்டது. சத்தம் கேட்டு யாரும் வரவில்லை.

நாற்காலியை நிமிர்த்தி, ஹேண்டிலில் கட்டியிருந்த ரிப்பனில் ஒட்டிய மண்ணைத் துடைத்தேன். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வராந்தாவில் நாற்காலியை நிறுத்தி, பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். எச்.எம்.முக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. குழந்தைகளை வெளியே அழைத்துப்போய்க் கட்டவைத்துக் கணக்குச் சொல்லித்தரும் இளம் ஆசிரியர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

2. கயிறு கேட்டைத் தாண்டியது

மைசூரில் ஹெப்பாள் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. பெயர் வேண்டாம். பெற்றோரில் பாதிப்பேர் கம்பெனி வேலை, மீதிப்பேர் கட்டட வேலை. வகுப்பில் கன்னடம்தான். ஐந்தாம் வகுப்பில் பவித்ராவும் ரேகாவும் மட்டும் என்னிடம் தமிழ் பேசுவார்கள்.

என் பாணி எல்லோருக்கும் தெரியும். பரப்பளவு என்றால் காய்கறிப் பாத்தி. கொள்ளளவு என்றால் தொட்டி. விகிதத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பவித்ராவின் அம்மா செல்வி வந்து நின்றார். தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்க்காரர். கார்மெண்ட்ஸில் வேலை. பவித்ராவுக்குப் பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தினமும் மகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, மூன்று படியும் தூக்கி ஏற்றிவிட்டு, கம்பெனி வேனுக்கு ஓடுவார்.

"ஏனுங் சார், புள்ள கனத்துப்போச்சுங். இடுப்பு புடிச்சுக்குது. அடுத்த வருசம் என்னால தூக்க முடியாதுங். நிறுத்திப்போடலாம்னு இருக்கேன்."

"நிறுத்தாதீங்கம்மா. ராம்ப் கட்டிடுவோம். பிள்ளைங்களே கணக்குப் போடுவாங்க," என்றேன்.

குழந்தைகள் படியை அளந்தார்கள். படி ஒன்று அரை அடி. மூன்றும் சேர்ந்து ஒன்றரை அடி. ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ரேகாதான் பெருக்கினாள். பதினெட்டு. பதினெட்டு அடிக் கயிற்றை வராந்தாவிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

"சார், கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போயிடுது சார்! பவித்ரா இறங்கினா நேரா பஸ் ஸ்டாப்புதான்!" என்று ரேகா கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். பவித்ராவும்தான்.

வளைத்துக் கட்டியிருக்கலாம். அதற்கு எச்.எம். மேடத்தின் ரோஜாப் பாத்தியை எடுக்க வேண்டும். பள்ளிக் கண்காட்சிக்குக் கல்வி அதிகாரி வருகிறார்; அந்தப் பாத்தியை ஒட்டித்தான் பந்தல் போடுவதாக ஏற்பாடு. எச்.எம். கன்னடத்தில் சொன்னார்: "மேஷ்ட்ரே, பாத்தியைத் தொடாதீங்க. அவர் பார்க்க வர்றதே உங்க கணக்கு வகுப்பைத்தான். அதுக்குள்ள முடிச்சுக் காட்டுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் விழுந்தேன். கேட்டுக்கு முன் நாற்காலி திரும்ப இடம் விட்டால் மிஞ்சுவது பதினோரு அடி. பதினொன்று வர என்ன விகிதம் வேண்டும் என்று பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற ஸ்டெப்ஸ் எழுதும் பையன்களுக்கு முப்பது வருடமாக முட்டை போட்டவன் நான்.

"பன்னிரண்டு எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு. குழந்தைங்களுக்கு ஏழு போதும். இப்போ பெருக்குங்க," என்றேன்.

"பத்தரை சார்."

"ரவுண்ட் பண்ணு."

"பதினொன்னு!"

கை தட்டினார்கள். அந்த அளவுக்கே மண் நிரப்பினார்கள், செங்கல் எத்தனை என்று கணக்கிட்டார்கள். மேஸ்திரி வந்து கான்கிரீட் போட்டார். ஈரம் காயக் காய எனக்குள் ஒரு பயம் ஏறிக்கொண்டே இருந்தது. கண்காட்சிக்கு முந்தின நாள் நாற்காலியை உருட்டிப் பார்த்தது அதனால்தான். பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டேன்.

3. கண்காட்சி

மேலே ஏறும்போது நான் தள்ளினேன். மூச்சு வாங்கியது. அதிகாரி கைதட்டினார், எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். பவித்ரா மேலிருந்து கையசைத்தாள். இறங்கும்போதும் நானேதான் பிடிப்பேன் என்று நினைத்திருந்தேன். அதற்குள் அதிகாரி என் தோளில் கைவைத்து, "மற்ற பள்ளிகளுக்கும் இதைக் காட்ட வேண்டும், எப்படி யோசித்தீர்கள்?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். விகிதம் பற்றி, கையால் செய்து கற்பது பற்றி. பேச்சில் எனக்கே ஒரு மயக்கம் வந்துவிட்டது.

பின்னால் ரேகா "பிடிங்க, பிடிங்க!" என்று அலறினாள்.

திரும்பியபோது நாற்காலி கேட்டில் கிடந்தது. பவித்ரா தரையில். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது, நெற்றியிலும் காயம். ரேகா சாய்தளத்தின் நடுவில் முழங்காலில் உட்கார்ந்திருந்தாள். நான் வராததால் அவளே பிடித்து இறக்கப் பார்த்திருக்கிறாள், நாற்காலி அவளையும் இழுத்துப் போட்டிருக்கிறது.

"நான்தான் விட்டுட்டேன் சார். நான்தான் விட்டுட்டேன்."

ஆஸ்பத்திரி வாசலில் எச்.எம். எல்லோரிடமும், "ரேகா கை நழுவிடுச்சு, பாவம்," என்றார். நான் பக்கத்தில் நின்றேன். இல்லை என்று சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் சொல்லவில்லை. வகுப்பில் எல்லாவற்றுக்கும் முதலில் கை தூக்கும் ரேகா, கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். பவித்ராவின் இடம் காலியாகவே இருந்தது. கதவருகே யார் வந்தாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செல்வியோ, போலீஸோ என்று.

கடைசியில் நானே செல்வியின் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. பவித்ரா கட்டிலில் படுத்திருந்தாள்.

"ரேகா மேல தப்பு இல்லம்மா. அளவு தப்பு. எனக்கு முந்தின நாளே தெரியும். காலி நாற்காலியை விட்டுப் பார்த்தேன். உருண்டு போய் இடிச்சுது."

செல்வி மெதுவாகக் கேட்டார்: "தெரிஞ்சேதான் ஏத்துனீங்களா சார்?"

"ஆமா."

"போலீசுக்குப் போகச் சொல்றாங்க பக்கத்து வீட்டுல. நான் போவலீங். போனா நாளைக்கு என்ற புள்ளைய எந்த ஸ்கூல்ல சேத்துக்குவாங்க? ஆனா உங்க ஸ்கூலுக்கு இனி அனுப்ப மாட்டேனுங். நீங்க எந்திரிங்க."

எழுந்தேன். கட்டிலிலிருந்து பவித்ரா கேட்டாள்: "அப்போ பதினெட்டுதான் சரியா சார்?"

"பதினெட்டுதான் சரி."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

4. ரோஜாப் பாத்தி

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். விடையை முதலில் முடிவு செய்துவிட்டுக் கணக்கைத் திருத்தினேன் என்றும், ரேகா செய்த பெருக்கல்தான் சரி என்றும் சொன்னேன். ரேகா அழுதாள். "சார் எங்களுக்கு முட்டை போடுவீங்க, உங்களுக்கு யாரு போடுவா?" என்று பின்பெஞ்சில் ஒருவன் கேட்டான். யாரும் அவனை அதட்டவில்லை. நானும்தான்.

நடந்தது முழுவதையும் எச்.எம்.மிடம் எழுதிக் கொடுத்தேன். "மேஷ்ட்ரே, ரிட்டையர் ஆகப்போற நேரத்துல இது எதுக்கு?" என்றார். ஆனால் பாத்தியை எடுக்கச் சொன்னதும் மறுக்கவில்லை. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அது நியாயம்தான்.

பழையதை உடைத்தோம். குழந்தைகள் மறுபடி கயிறு பிடித்தார்கள். வராந்தாவை ஒட்டி ஒன்பது அடி, அங்கே நாற்காலி நின்று திரும்பச் சமதளமாக ஒரு சதுரம், திரும்பி இன்னொரு ஒன்பது அடி. இருபுறமும் கைப்பிடிக் கம்பி. ரேகா முதல் இரண்டு நாள் டேப்பைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் தானாக வந்து ஒரு முனையைப் பிடித்தாள்.

செல்வியிடம் நான் போகவில்லை. போக எனக்கு முகமில்லை. ரேகாவும் வேறு சிலரும் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பவித்ராவின் கைக்கட்டைப் பிரித்த பிறகு ஒரு சனிக்கிழமை செல்வி மகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பாத்துட்டுப் போறோமுங்," என்று எச்.எம்.மிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

"தள்ளட்டுமா?" என்று நான் கேட்டேன்.

"இருங்க சார்," என்றாள் பவித்ரா. "ரேகா, டேப்பு கொண்டா."

அவள் சொல்லச் சொல்ல ரேகா பிடித்தாள். முதலில் வராந்தாவின் உயரம். பிறகு கீழ்த்துண்டு, மேல்துண்டு. யாரோ ஒரு பையன் நடுச் சதுரத்தையும் சேர்த்துக் கூட்டினான். "அதைச் சேக்காதடா, அது சமமா இருக்கு. அது ஏறவே இல்ல," என்று பவித்ரா அதட்டினாள். கணக்கை இரண்டு தரம் போட்டாள். நான் வெயிலில் நின்றேன். என் அளவு மறுபடியும் தவறாக இருந்துவிட்டால் என்ற பயத்தில் அவளோடு சேர்ந்து நானும் மனத்துக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"சரியா இருக்கு. எல்லாரும் தள்ளி நில்லுங்க. சார், நீங்களும்."

தானே சக்கரத்தை உருட்டி ஏறினாள். சதுரத்தில் நின்று மூச்சு வாங்கினாள். மேலே போய்த் திரும்பினாள். இறங்கும்போது செல்வி கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கை தேவைப்படவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து பவித்ரா வந்தாள். செல்வி கேட்டருகிலேயே அவளை விட்டுவிட்டு வேனுக்குப் போவார். நான் ஓய்வு பெறும்வரை தினமும் காலையில் அங்கே நின்றேன்; ஒரு நாளும் அவர் என்னிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

இளம் ஆசிரியர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. குழந்தைகளைக் கொண்டு எதைக் கட்டினாலும், திறப்பதற்கு முன் அதை மறுபடி அளக்க விடுங்கள். அதில் ஏறப்போகும் குழந்தையே அளக்கட்டும். அவள் சரி என்று சொல்லாதவரை, எந்த அதிகாரி வந்து நின்றாலும் கேட்டைத் திறக்காதீர்கள்.