கட்டிலுக்கடியில் நாலு பாட்டில்

பிரான்சில் வேலை பார்க்கும் என் மச்சினன் விடுமுறைக்கு வந்தபோது நாலு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்தான். "பெரிய விலையெல்லாம் இல்லை அத்திம்பேர், அங்க நாங்க தினம் சாப்பாட்டோட குடிக்கறதுதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டான். சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் மரியாதையோடு வாங்கி வைத்திருப்பேன். ஒன்றை இப்போது திறக்கலாம், மற்றதை வருஷத்துக்கு ஒன்றாகத் திறந்தால் அது பக்குவப்படுவது தெரியும் என்றான். இருட்டில், கிடையாக, பதினாலு டிகிரியில் வைக்க வேண்டுமாம். மயிலாப்பூரில் பதினாலு டிகிரிக்கு எங்கே போவது என்று கேட்டேன். "முடிஞ்ச வரைக்கும்" என்றான். வெளிநாடு போனவர்களுக்கு நம் ஊர் வெயில்தான் முதலில் மறந்துபோகிறது.

ஒயினை ருசி பார்க்க வேண்டியவன் நான். ஆனால் வீட்டில் மூக்கு என்று ஒன்று இருந்தது என் மனைவிக்குத்தான். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள். சமைத்ததைப் பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன் நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டாள். கொதிக்கிற ரசத்தின் ஆவியை மோந்தே உப்பு சரியா, இன்னும் ஒரு கல் போட வேண்டுமா என்று முடிவு செய்துவிடுவாள். அந்த மூக்கு ரசத்தோடு நின்றால் பரவாயில்லை. மந்தைவெளியில் ஒரு வெங்காய பஜ்ஜி தின்று, வாய் கொப்பளித்து, பாக்கு மென்று வந்தாலும், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் "பஜ்ஜியா? சுகர் எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

தம்பி ஆசையாகக் கொண்டுவந்தது என்பதற்காக அவள் சம்மதித்தாள். வீட்டில் வேறு பாத்திரம் இல்லாததால் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினோம். மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "நாவப்பழம். மழைல நனைஞ்ச தோல் செருப்பு. அப்பறம் பென்சில் சீவின குப்பை." மச்சினன் போனில் அந்த ஒயினைப் பற்றி நிபுணர்கள் எழுதியிருந்ததைத் தேடிப் படித்தான். இதே மூன்றும் இருந்தன, கொஞ்சம் நாகரிகமான சொற்களில். பிறகு அவள் டம்ளரைத் தூக்கி, உதட்டில் படாமல் ஒரு வாய் விட்டுக்கொண்டாள். "ஒரே துவர்ப்பு. வாழைப்பூவை ஆயாம பண்ணினாப்பல இருக்கு."

மிச்சம் மூன்றையும் பழைய வேட்டியில் சுற்றி, ஏசி உள்ள ஒரே அறையில் கட்டிலுக்கடியில் படுக்க வைத்தேன். பெருக்க வரும் அம்மா துடைப்பத்தால் ஒன்றை இடித்துவிட்டு, "இன்னா சார் இது, கட்டிலாண்ட உருண்டுகினு கீது?" என்றாள். மருந்து என்றேன். "அம்மாம் பெரிய பாட்டிலா? பெரிய சீக்குதான் போல" என்று பரிதாபப்பட்டாள்.

மறு வருஷம் இரண்டாவதைத் திறந்தோம். "செருப்பு காஞ்சுடுத்து" என்றாள் என் மனைவி. "துவர்ப்பும் அடங்கிடுத்து. நாவப்பழம் வத்தல் மாதிரி ஆயிருக்கு. நன்னாத்தான் இருக்கு, போங்கோ." எனக்கு இரண்டு வருஷமும் ஒரே மாதிரிதான் இருந்தது. தலையை ஆட்டிவைத்தேன்.

அதற்கடுத்த கோடையில் கத்திரி வெயிலில் ஏசி நின்றுபோனது. மெக்கானிக் தினமும் நாளைக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே சமயம் அவளுக்கு ஒரு வைரல் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தாள். எழுந்த பிறகு ரசம் ஒரு நாள் கடலாக இருந்தது, ஒரு நாள் உப்பே இல்லாமல் இருந்தது. உடம்பு தேறட்டும் என்று பேசாமல் சாப்பிட்டேன்.

மூன்றாவது பாட்டிலைத் திறந்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. மெக்கானிக்கின் கைங்கரியத்தில் அது புளித்துக் காடியாகப் போயிருந்தது. அவளோ டம்ளரை மூக்கருகில் வைத்து வெகுநேரம் நின்றாள். "போன தடவையை விட நன்னா இருக்கு. நாவப்பழம்... பென்சில்..." என்றாள், பாடம் ஒப்பிப்பவள் மாதிரி. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலைன்னா. ஜுரம் விட்டதுலேர்ந்து காபி வாசனைகூட இல்லை. பெருமாளுக்கு என்னத்தைப் பண்ணிப் போடறேன்னே தெரியாம போட்டுண்டிருக்கேன். சொன்னா சமையலுக்கு ஆள் வெச்சுடுவேள்."

"நான் ருசி பார்த்துச் சொல்லட்டுமா?"

"எச்சலையா அவருக்குக் காட்டறது?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

பெருமாளும் நானும் அத்தனை நாளாக ஒரே ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு ஒரே மாதிரி வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறோம்.

அடையாறில் ஒரு டாக்டர் எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் தைலம் நாலையும் காலையிலும் மாலையிலும் மோந்து பழகச் சொன்னார். வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். திரும்பும்போது சில பேருக்கு நல்ல வாசனையே நாற்றமாகத் தெரியும், பயப்பட வேண்டாம் என்றார். அடுத்த பாட்டில் திறக்கும் வரை பார்ப்பது, அதற்குள் வராவிட்டால் அடுப்பை விட்டுவிடுவது என்று அவளே முடிவு செய்தாள். காபிக்கொட்டை அரைக்கும் கடையை அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கடந்து போவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே பஜ்ஜி தின்றுவிட்டு, வாயைக்கூடத் துடைக்காமல் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். "வெயிலா இருக்கா வெளில?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பயந்து ஒளிந்த மூக்கு அது. அது என்னைக் கண்டுபிடிக்காமல் விட்டதில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வருஷம் திரும்பியது. "இப்பத்தான் அத்திம்பேர் அது உச்சத்துல இருக்கும்!" என்று மச்சினன் போன் செய்தான். மூன்றாவது என்ன ஆனது என்று அவனுக்குச் சொல்லவில்லை. அதே கோடையை இதுவும் கட்டிலுக்கடியில்தான் கழித்தது. இதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். தள்ளிப்போடப் பார்த்தேன். அவள் விடவில்லை. "திறங்கோ. சமையலுக்கு ஆளைத் தேடறதுன்னா தேடிண்டுடலாம்."

படுக்கையறையில் உட்கார்ந்து தக்கையைத் திருகினேன். பாதி உடைந்து உள்ளே விழுந்தது. அவள் சமையலறையில் இருந்தாள்.

"ஏன்னா! என்ன கண்றாவி அது? காடியில முட்டைக்கோஸை வேகவெச்சாப்பல!"

டாக்டர் சொன்ன அந்தப் பொய் நாற்றமோ என்று பயந்துகொண்டே பாட்டில் வாயில் மூக்கை வைத்தேன். காடி. அதன் பின்னால், சந்தேகமே இல்லை, வெந்த முட்டைக்கோஸ். ஒரு எழுத்து பிசகாமல் அவள் சொன்னதேதான்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். பொத்திய கையை எடுத்தாள், மறுபடி மோந்தாள், மறுபடி பொத்திக்கொண்டாள். "நாத்தம்னா... குடலைப் புரட்டறது" என்று சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கொண்டுபோய்க் கொட்டுங்கோ முதல்ல!"

சரி சரி என்றேன். நான் கொட்டவில்லை. பாட்டிலை அப்படியே திறந்து ஜன்னலோரம் வைத்திருந்தேன். வீடே நாறியது. தினமும் காலையில் அவள் எழுந்து வந்ததும் என்னைத் திட்டினாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.