மூன்றாவது ஓலைக்கு வந்த தடை

ஆலயத்துக்குள் கோபப்படலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை நான் பட்டேன். கொஞ்சநஞ்சமில்லை... வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும் வரை அடங்கவில்லை. "கோயிலுக்குப் போயிட்டு வந்த மொகமா இது?" என்று என் சம்சாரம் கேட்டாள். நியாயமான கேள்விதான். நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — ஜொகூர் பாருவில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு, ஹார்மோனியம் வாசிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியால், சபையிலும் ஒரு வேலை உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் ஐயர் லாயாங் லாயாங் என்ற சின்ன ஊருக்குப் போய் ஆராதனை நடத்துவார். (ஐயர் என்றால் எங்கள் போதகர். கிறிஸ்தவ வேதக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் குழம்ப வேண்டாம்.) விடியற்காலை ரயிலில் அவர் குடையோடு ஏறுவார், நான் ஹார்மோனியப் பெட்டியோடு ஏறுவேன். பதினோரு மணி ரயிலில் திரும்பி விடுவோம்.

லாயாங் லாயாங் ஆலயம் என்றதும் கோபுரத்தையும் மணியையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு கட்டடம். மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது. சிலருக்கு அதுவும் சௌகரியம்தான்.

உள்ளே முன்பக்கம் பெஞ்சுகள், பின்பக்கம் பாய்கள். பெஞ்சு யாருக்கு, பாய் யாருக்கு என்று எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ரயில்வேக்காரர்கள், தோட்ட ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கிராணிமார், அவர்கள் வீட்டுப் பெண்கள் — பெஞ்சில். லயத்து வரிசை வீடுகளில் இருந்துகொண்டு பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள் — பாயில். கப்பல் ஏறும்போது நாகப்பட்டினத்துக் கரையிலேயே விட்டுவிட்டோம் என்று நம்மவர்கள் சத்தியம் பண்ணுகிற ஒரு சாமான் இருக்கிறதே... அது எப்படியோ நமக்கு முன்னால் இங்கே வந்து இறங்கி, பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

லாயாங் லாயாங் ஸ்டேஷனில் சாமுவேல் என்று ஒரு பாயிண்ட்ஸ்மேன், ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிறவன். தங்கமான பையன். போன கிறிஸ்துமஸுக்குப் பஜனைக் கோஷ்டியோடு லயங்களுக்குப் பாடப் போனவன், அங்கே எஸ்தரைப் பார்த்திருக்கிறான். எஸ்தருக்குத் தகப்பன் இல்லை. தாய் அன்னம்மாளும் அவளும் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டுகிறவர்கள். பையன் முறையாகப் பெரியவர்களை வைத்துப் பெண் கேட்டான். அன்னம்மாள் சரி என்றாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பது வழக்கம். ஓலை வாசிப்பது என்போம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்கிறவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு ஓலை அப்படித்தான் வாசித்து முடிந்தது. போன ஞாயிறு மூன்றாவது. வருகிற வியாழக்கிழமை கல்யாணம். அதற்கு லீவு வாங்குவதற்குள் சாமுவேல் பட்ட பாட்டை ரயில்வேயில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஐயர் ஓலையை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். நான் அடுத்த பாட்டுக்கு ஹார்மோனியத்தில் கை வைத்துவிட்டேன்.

முதல் பெஞ்சிலிருந்து தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றவர், எஸ்தர் வேலை செய்கிற அதே தோட்டத்தின் பெரிய கிராணியார். சபைக்கு மூப்பரும் அவர்தான். ஐயர் வராத ஞாயிறுகளில் ஜெபம் நடத்துகிறவரும் அவர்தான். பெயரை எழுதவில்லை. எழுதாமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

"ஐயரவர்கள் மன்னிக்கணும். ஒரு தடை இருக்குது" என்றார்.

எனக்குத் திக்கென்றது. பெண்ணுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருக்குமோ? பையனுக்கு ஊரில் மனைவி இருக்குமோ?

"அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழம ஆராதனைக்கு வர்றதே இல்ல. வருஷத்துல கிறிஸ்துமஸுக்கு ஒருக்கா, ஈஸ்டருக்கு ஒருக்கா மொகத்தக் காட்டுறதோட சரி. ஓய்வுநாள ஆசரிக்காத ஒருத்திக்கு ஆலயத்துல வெச்சுக் கல்யாணம் பண்ணிக்கொடுத்தா, சபைக்கு என்ன ஒழுங்கு இருக்கும்? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி விசிறியை வேகமாக வீசிக்கொண்டாள். அந்த விசிறிதான் எனக்குப் பாதி விஷயத்தைச் சொன்னது. எஸ்தர் சாமுவேலுக்கு வாழ்க்கைப்பட்டால் ரயில்வேக்காரன் பெண்டாட்டி ஆகிவிடுவாள். ரயில்வேக்காரன் பெண்டாட்டிக்குப் பெஞ்சு. அதாவது, நேற்று வரை பாயில் இருந்தவள் இனி கிராணியம்மாளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்காருவாள். இதுதான் ஓய்வுநாளுக்கு வந்த ஆபத்து.

ஐயர் நல்லவர். ஆனால் சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்கிறவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா... அடுத்த மாசம் வர்றப்ப பேசிக்கலாமா?" என்று இழுத்தார்.

அடுத்த மாதமா? லீவு போனால் போகட்டும். ஓலை தடைப்பட்ட பெண் என்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால், அந்தப் பெண்ணின் கதி என்ன? காரணம் என்ன என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஆளுக்கொரு கதை கட்டிக் கிளுவாங் டவுன் வரை கொண்டுபோய்விட மாட்டார்களா? ஒரு பெண்ணின் வாழ்வை ஒரு கனைப்பில் நிறுத்திவிட்டு ஒரு மனிதர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார முடிகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஹார்மோனியத்தை மூடினேன். சத்தமாகத்தான் மூடினேன்.

"ஐயரே, தடைன்னா என்னன்னு எனக்குத் தெரியும். ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கணும். இல்ல, கட்டக்கூடாத உறவா இருக்கணும். இது ரெண்டுல எதுல சேத்தி?"

"ஹார்மோனியம் வாசிக்க வந்தவங்க வாசிச்சா போதும்" என்றார் பெரிய கிராணியார், என் பக்கம் திரும்பாமலே.

அப்போதுதான் சாமுவேல் எழுந்தான். அதிர்ந்து பேசத் தெரியாத பையன்.

"மூப்பரய்யா, எஸ்தர் இப்ப எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அது எனக்கெதுக்கப்பா?"

"மரத்துல இருக்கா. இன்னிக்கு விடியக்காலம் பெரட்டுல நீங்கதான பேரு கூப்பிட்டு அனுப்புனீங்க?"

பெரட்டு என்பது இருட்டோடு ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற கூட்டம். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. போகாவிட்டால் வெட்டுகிற மரவரிசை வேறு ஆளுக்குப் போய்விடும். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து, வேலை இல்லை என்று குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பியதைப் பார்த்த சனங்கள் அவர்கள். முடியாது என்று எந்த வாயால் சொல்வார்கள்?

ஆக, இருட்டில் பெரட்டில் நின்று "போ மரத்துக்கு" என்று அவளை அனுப்பியவர் இவர். பிறகு குளித்து, கோட்டு மாட்டி, முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "அவள் ஏன் ஆலயத்துக்கு வரவில்லை?" என்று கேட்கிறவரும் இவரேதான்! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே... இவர் பிள்ளை அழுகிறது என்று புகாரும் கொடுக்கிறார்.

பெரிய கிராணியார் அசந்துவிடவில்லை. "அது வேல. இது ஆலயம். ரெண்டயும் போட்டுக் கொழப்பாத. தொர உத்தரவு, நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

"தீவாளிக்கு லீவு வேணும்னு கங்காணி போய்த் தொரகிட்ட கேட்டாரு. கெடச்சிச்சு. ஞாயித்துக்கிழம காலைல கொஞ்ச நேரம் ஆராதனைக்கு விடணும்னு நீங்க ஒரு தடவ கேட்டீங்களாய்யா?"

பெரிய கிராணியார் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கேட்டதே இல்லை என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

எனக்கு ஆற்றாமையே அந்த இரண்டு வாக்கியத்தில்தான். அது வேலை, இது ஆலயம்! நம்மில் எத்தனை பேர் இப்படி நடுவில் ஒரு தட்டி கட்டி வைத்திருக்கிறோம்? ஆறு நாளும் ஒரு ஆள், ஏழாம் நாள் வேறொரு ஆள். தராசில் கை வைக்கும்போது ஒரு முகம், ஜெபத்தில் கை கூப்பும்போது வேறு முகம். ஓய்வுநாள் கட்டளையைக் கரைத்துக் குடித்த இந்த மூப்பருக்கு, அதன் பிற்பகுதி மட்டும் எப்படி மறந்தது? ஓய்வு எசமானுக்கு மட்டும் என்றா அதில் இருக்கிறது? வேலைக்காரன், வேலைக்காரி, மாடு வரைக்கும் அல்லவா சொல்லியிருக்கிறது! மாட்டுக்குக் கிடைத்த இடம் எஸ்தருக்குக் கிடைக்கவில்லை.

ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார், சாமுவேலைப் பார்த்தார். பின்னால் பாய்களைப் பார்த்தார். இரண்டு கிழவர்களும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் தவிர அங்கே யாருமில்லை. இத்தனை மாதம் வந்து போகிறோமே, இந்த வெறும் பாயை அவரும் நானும் என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தோம்?

"பால் எத்தன மணிக்கு நிறுப்பாங்க, தம்பி?" என்று சாமுவேலைக் கேட்டார்.

"பத்தர மணிக்குக் கொட்டாய்க்கு வந்துருவாங்க, ஐயரே."

"அப்ப கெளம்புங்க. மூணாவது ஓலைய அங்க வெச்சு வாசிக்கிறேன்."

பெரிய கிராணியார் துள்ளி எழுந்தார். "பால் கொட்டாய்லயா? அது என்ன ஆலயமா?"

"சபையில முக்காவாசிப் பேரு அங்கதான இருக்காங்க, கிராணியாரே" என்றார் ஐயர். அந்த மனிதரிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

செம்மண் சாலையில் ஒரு மைல். முன்னால் ஐயரும் குடையும். பின்னால் சாமுவேல், நான், ரயில்வேக் குடும்பங்கள். கிராணியம்மாள் மட்டும் தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டாள். பெரிய கிராணியார் எங்களைத் தாண்டி சைக்கிளில் விரைந்தார். பால் நிறுப்பதும் அவர் வேலைதானே, வேறெங்கே போவார்?

கொட்டகையில் வரிசை நின்றிருந்தது. தோளில் கம்பு, கம்பின் இரு முனையிலும் பால் வாளி. புளித்த பால் நாற்றம். அரைத்த மஞ்சள் நிறத்தில் ஒரு பழைய சேலை கட்டி, தலையில் துணி சுற்றி நின்றாள் எஸ்தர். எங்கள் ஊர்வலத்தைப் பார்த்து மிரண்டு போனாள். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அன்னம்மாள் ஓடி வந்தாள்.

ஐயர் விஷயத்தை மென்மையாகச் சொன்னார். யார் தடை சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை.

"ஆராதனைக்கு நீ வர்றதில்லன்னு சபையில ஒரு கொறை சொன்னாங்கம்மா. நீ என்ன சொல்ற?"

எஸ்தர் வாளிகளை இறக்கி வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபமோ குத்தலோ துளியும் இல்லை. அதனால்தான் இன்னும் என் காதில் இருக்கிறது.

"வரணும்னு ஆசதான் ஐயரே. பெரட்டுல பெரிய கிராணியாரு சொல்லுவாங்க... 'நீங்க போய் மரத்தப் பாருங்க, உங்களுக்கும் சேத்து நான் ஜெபம் பண்ணிக்கிறேன்'னு. அதான் நாங்க போயிருவோம்."

தராசுக்குப் பக்கத்தில் நின்ற பெரிய கிராணியார் குனிந்து வாளிக்குள் எதையோ தேடினார். பாலைத் தவிர அதில் ஒன்றும் இருந்திருக்க முடியாது.

யாரும் சிரிக்கவில்லை. ஐயர் ஓலையைப் பிரித்து, நிறுத்தி நிதானமாக வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். கேட்டுவிட்டு, பெரிய கிராணியாரைப் பார்த்துக்கொண்டே நின்றார். ரயில் ஊதியது. எங்கள் ரயில். ஐயர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தட ஒண்ணும் இல்லீங்க, ஐயரே" என்று கடைசியில் வாளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அன்னம்மாள் அழுதாள். அழுதுகொண்டே மகளின் வாளிகளைத் தூக்கித் தராசில் வைத்தாள். சாமுவேல் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்து நசுக்கியதில், இன்னும் எனக்கு விரல் சரியாக மடங்கவில்லை.

இப்போது பெயர் விஷயம். எஸ்தர் வியாழக்கிழமை ஸ்டேஷன் குவார்ட்டர்ஸுக்குப் போய்விடுவாள். அன்னம்மாள் தோட்டத்தில்தான் இருப்பாள். அவள் மரவரிசையில் யாராவது கை வைத்தார்கள் என்று எனக்குத் தெரிந்தால், இந்தப் பத்தியில் இன்று விட்டுப்போன பெயர் முழு இனிஷியலோடு அச்சில் வரும். சம்பந்தப்பட்டவர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர் என்பதால் தனியாகச் சொல்லி அனுப்பத் தேவையில்லை.

இன்னொன்று. ஞாயிறு காலையில் ஆட்களை ஆராதனைக்கு விடச் சொல்லி, தோட்டத் துரையிடம் ஐயரே நேரில் போய்க் கேட்கப் போகிறார். அது எப்படி முடியுமோ, எனக்குத் தெரியாது. ஆனால் அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது என்று, லாயாங் லாயாங்கில் ஆராதனையைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றிவிட்டார்.

முதல் பெஞ்சுக்காரர்கள் சிலருக்கு அந்த நேரம் வசதிப்படாதாம். தூக்கம் கெட்டுவிடுமாம். அதனாலென்ன... தூங்கட்டும். அவர்களுக்கும் சேர்த்துப் பாயில் இருப்பவர்கள் ஜெபம் பண்ணிக்கொள்வார்கள்.